வடைக்கு வந்த கடிதங்கள்

எண்ணெய் காய்வதற்கு முன்னர் கடிதம் வாசித்துவிட வேண்டும் என்பது எங்கள் குசினியின் சட்டம். அம்மா தாச்சியை அடுப்பில் ஏற்றுவார். உளுந்தும் மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் குழைத்த சட்டியைப் பக்கத்தில் இழுத்து வைப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். நான் வாசற்படியில் கைத்தொலைபேசியோடு குந்தியிருப்பேன்.

"எங்கை, இண்டைக்குக் கடிதம் ஏதும் வந்ததோ?"

"ரெண்டு வந்திருக்கு."

"எத்தினை வெள்ளி?"

"ரெண்டும் அஞ்சு வெள்ளி."

"பாவங்கள், வேலைவெட்டியை விட்டிட்டு எங்களுக்கு எழுதுதுகள்," என்பார் அம்மா.

கடிதம் என்று அவர் சொல்வது, எங்கள் தட்டை வடையை இணையச் சந்தையில் வாங்கியவர்கள் அதன் கீழே எழுதிவிடும் கருத்துகளை. அவற்றோடு வரும் நட்சத்திரங்கள்தான் வெள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை போடலாம். அம்மா சுடுகிறார். நான் படம் எடுத்துப் போடுகிறேன், பை கட்டுகிறேன், பார்சல் அனுப்புகிறேன், யார் என்ன எழுதினார்கள் என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை பார்க்கிறேன். முப்பது என்பது குறைத்துச் சொன்னது.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலில் கால் வைத்தது என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். மின்சாரப் பட்டியல், கிளினிக் கொப்பி, கோயில் நோட்டீஸ் என்று இந்த வீட்டுக்கு வந்த எழுத்தெல்லாம் எட்டு வயதிலிருந்து என் வாயால்தான் உள்ளே போனது. ஆனால் அவற்றில் ஒன்றுகூட அம்மாவைப் பற்றி எழுதப்பட்டதல்ல. இந்தக் கடிதங்கள் அப்படியல்ல. கண்டியிலிருந்து ஒருவர் சிங்களத்தில் "ஹரிம ரசய்" என்று எழுதியிருந்தார். நல்ல ருசி என்று சொன்னதும் அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மையார், பிள்ளைகளுக்கு என்று வாங்கிய பையைத் தன் கணவர் அலுமாரிக்குள் ஒளித்து வைத்துத் தனியே தின்கிறார் என்று முறையிட்டிருந்தார். அதை அம்மா மூன்று நாள் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

அப்பா பிறருடைய லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தை ஓட்டித் தோட்டங்கள் உழுபவர். காலையில் பிளேன்ரீக் கோப்பையோடு வந்து குசினிச் சுவரில் சாய்ந்துகொள்வார். வாடிக்கையாளர் பெயர் ஒன்றும் அவருக்கு நினைவில் நிற்காது. ஊரோ அவர்கள் எழுதிய கதையோதான் அடையாளம்.

"அந்த அலுமாரிக்காரன் திரும்பவும் எடுத்திட்டானோ?"

"ஓம் அப்பா, ரெண்டு பை."

"அப்ப ஒண்டைப் பிள்ளையளுக்குக் குடுப்பான்."

இப்படி எங்கள் காலைகள் நன்றாகவே போய்க்கொண்டிருந்தன. ஆனால் ஒரு விஷயத்தை நான் இங்கே சொல்லியாக வேண்டும். வந்த கடிதம் எல்லாவற்றையும் நான் வாசிக்கவில்லை. நல்லவற்றை மட்டும்தான் வாசித்தேன். நான்கு கடிதங்கள் அப்படி நல்லவை அல்ல. அவற்றை எனக்குள் வைத்துக்கொண்டேன். வெய்யிலிலும் நெருப்பிலும் நின்று வேகிற ஒருவரிடம், உன் வடை இப்படி என்று யாரோ முகம் தெரியாதவர் சொன்னதை எப்படி வாசிப்பது? வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எதை வாசிப்பது என்பதும் என் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா எனக்கு ஒரு தவணை தந்திருந்தார். பல்கலைக்கழகம் முடித்தவன் வடை விற்கிறான் என்று ஊரில் கதைப்பது அவர் காதுக்கும் வந்திருக்க வேண்டும். கொழும்பில் அவருக்குத் தெரிந்த ஒருவரின் களஞ்சியத்தில் எனக்கு எழுத்தர் வேலை ஒன்று இருந்தது. "தீபாவளி மட்டும் பாப்பம். சரிவரேல்லையெண்டால் போ," என்றார். அதட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் மீற முடியவில்லை.

நான் நம்பியிருந்தது ஒரு நீல நாடாவை. மாத முடிவில் ஐந்துக்கு நாலு புள்ளி எட்டுக்குக் குறையாமல் சராசரி வைத்திருக்கும் கடைகளின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சந்தை ஒரு சின்ன நீல நாடாவை ஒட்டும். நாடா உள்ள கடைகள் தீபாவளி விற்பனையில் முன்பக்கத்தில் வரும். இல்லாத கடைகள் எங்கேயோ பின்னால் கிடக்கும். ஒருவரும் அவ்வளவு தூரம் விரலால் தள்ளிக்கொண்டு வரமாட்டார்கள். எங்கள் சராசரி அந்த நாலு புள்ளி எட்டுக்குச் சற்று மேலே நின்றது. அதையும் நேர்மையாகச் சேர்த்தேன். சொந்தக்காரர், அயலட்டை ஒருவரும் எங்கள் வடைக்கு வெள்ளி போடக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, பார்சல் கொடுக்கும் வரிசையில் நின்றபடி தொலைபேசியைத் திறந்தேன். புதிதாக ஒன்று வந்திருந்தது. எழுத்தே இல்லை. ஒரேயொரு வெள்ளி.

சராசரியைப் பார்த்தேன். நாலு புள்ளி ஏழு.

வரிசையில் என் பின்னால் நின்றவர், "தம்பி, நகருங்கோவன்," என்றார். நான் நகர்ந்தது எனக்கே தெரியாது. பத்து நிமிடத்துக்குள் அந்த ஒரு வெள்ளிக்குப் பதில் எழுதிவிட்டேன். மூன்று பந்தி. தங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்று தொடங்கியதாக நினைவு. பதில் வரவில்லை. அன்று முழுவதும் வரவில்லை.

மறுநாள் காலை விற்பனைப் பட்டியலைத் துருவினேன். வெள்ளி விழுந்தது பெரிய பைக்கு. அந்தக் கிழமை ஒரேயொரு பெரிய பைதான் போயிருந்தது, அதுவும் இங்கே யாழ்ப்பாணத்திலேயே இருக்கும் கொழும்புத்துறைக்கு. அதைக் கட்டியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கொழும்பு, கண்டி, மாத்தறை என்று தூரத்தில் இருந்தவர்கள்தான் இதுவரை வாங்கினார்கள், இப்போது யாழ்ப்பாணத்திலேயே ஒருவர் இணையத்தில் யாழ்ப்பாணத்து வடை வாங்குகிறார் என்று பெருமைப்பட்டு, பைக்குள் இரண்டு வடை கூடுதலாகவும் வைத்திருந்தேன். கொழும்புத்துறையில்தான் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, இருக்கிறார். வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு அங்கேயும் ஒருக்கால் போகலாம் என்று நினைத்து, புதிதாகச் சுட்ட வடையில் ஒரு பை கட்டினேன்.

"எங்கை வெளிக்கிடுறாய்?" என்றார் அம்மா.

"கொழும்புத்துறைக்கு."

அம்மாவின் கையிலிருந்த கண்ணறை அகப்பை தாச்சி விளிம்பில் தட்டுப்பட்டது. "அங்கை ஆரிட்டை?"

"ஒரு கஸ்டமரிட்டை. வடை பிடிக்கேல்லையாம்."

"பிடிக்காட்டி விடு. உந்த வெய்யிலுக்கை போய் அதுகளை ஆய்க்கினைப்படுத்தாதை. நாளைக்குப் போவன்."

"நாளைக்குப் போனா மாசம் முடியிறதுக்குள்ளை சரிக்கட்ட ஏலாது அம்மா."

அம்மா தாச்சியை இறக்கி வைத்தார். உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து, நான் கட்டியிருந்த பையை மூன்று தரம் சுற்றி, அவற்றை அடுப்பில் போட்டார். இதைச் சில கிழமையாகச் செய்துவந்தார். பார்சல் சாக்கு வெளியே போகும்போதெல்லாம், கண்ணேறு படாமல் இருக்க ஒரு நாவூறு கழிப்பு. நான் அதை அம்மாவின் விளையாட்டு என்றுதான் எடுத்திருந்தேன்.

நல்லூர்ப் பக்கம் ரியூசன் விட்டுப் பிள்ளைகளின் சைக்கிள்கள் வீதியை அடைத்துக்கொண்டு வந்தன. அவற்றுக்குள்ளால் மோட்டார் சைக்கிளை மெல்ல ஓட்டிக்கொண்டு, சொல்ல வேண்டிய வசனத்தை ஒத்திகை பார்த்தேன். கொழும்புத்துறையில் விலாசம் கேட்டுக் கேட்டுப் போனால், அது சின்னம்மாவின் ஒழுங்கைக்குள்ளேயே போனது. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

படலையைத் திறந்தவர் முப்பது வயதளவில் ஒரு பெண். மருந்துக்கடையில் வேலை செய்பவர் என்று பிறகு அறிந்தேன். நான் பையை நீட்டினேன்.

"வணக்கம். நீங்கள் எங்கடை வடைக்கு ஒரு வெள்ளி போட்டிருக்கிறியள். குறை என்னெண்டு சொன்னால் திருத்தலாம். இது புதுப் பை. காசு வேண்டாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்கள்தானோ எனக்குப் பதில் எழுதின ஆள்?"

"ஓம்."

"தங்கள் திருமனம் நோகக் காரணமானமைக்கு அடிமனதிலிருந்து வருந்துகின்றோம் எண்டு?"

"ஓம்…"

அவர் படலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். நான் பையை நீட்டியபடியே நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கத்து வளவுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்:

"எக்கா! ஓடி வாங்கோ! உங்கடை பெறாமகன் வடையோடை வந்து நிக்கிறார்!"

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது சின்னம்மா. கையெல்லாம் மீன் செதில்.

"ஐயோ மோனை, நீயே வந்திட்டியே!"

"சின்னம்மா, இது உங்கடை வேலையோ?"

"நான் ஏன்ரா செய்யிறன்? கொம்மா சொன்னவ, இவள் போனிலை அமத்தினவள். நான் வடைக் காசு மட்டும்தான் குடுத்தனான்."

"அம்மாவோ?"

"பின்னை? கொம்மா ஒரு கிழமையா ஒரே அழுகை. கடை நல்லாப் போகுது, நாவூறு பட்டிடும், ஒரு கறுத்தப் பொட்டு வைச்சு விடு எண்டு. எனக்கு உதுகள் தெரியாது. இவளிட்டைப் போனிலை காட்டினன். இவள் சொன்னாள், வாங்கினாத்தான் வெள்ளி போடலாமாம். அதுதான் ஒரு பை எடுத்தம்."

மருந்துக்கடைக்காரி, "எழுத என்ன எழுதிறதெண்டு கேட்டன் தம்பி," என்றார். "உங்கடை அம்மா ஒண்டும் எழுத வேண்டாமாம். பொட்டுக்கு எழுத்துத் தேவையில்லையாம்."

இவ்வளவுக்குப் பிறகும் நான் கேட்டது என்னவென்றால், "வடை எப்பிடி இருந்தது?"

"அதென்ன கேள்வி?" என்றார் சின்னம்மா. "வந்த அண்டைக்கே முடிஞ்சுது. மிஞ்சின நாலையும் சித்தப்பா வள்ளத்துக்குக் கொண்டுபோயிட்டார். உந்தப் பையை இஞ்சை தா."

திரும்பி வரும் வழியில் கோபப்பட வேண்டும் என்று முயன்று பார்த்தேன். ஒரு தாய் தன் மகனின் கடையில் ஆள் வைத்துத் திருட்டுத்தனமாக வடை வாங்குவித்து, அதைத் தானே சுட்டு, அவனைக் கொண்டே கட்டுவித்து, தங்கையின் காசில் தனக்கே ஒரு வெள்ளி போட வைத்திருக்கிறாள். நல்லூர் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நாலு புள்ளி ஏழு என்பது சிரித்தால் நாலு புள்ளி எட்டாகாது. மாதம் முடிய ஒன்றரை நாள் இருந்தது.

வீட்டில் அம்மா எனக்காகவே காத்திருந்ததுபோல் அடுப்பு மூட்டாமல் இருந்தார். அப்பாவும் உழவு முடித்து வந்திருந்தார்.

"சின்னம்மா எல்லாம் சொல்லிப் போட்டா," என்றேன்.

"அவளின்ரை வாய்க்கை ஒண்டும் கிடவாது."

"சொந்தக்காரர் ஒருத்தரும் வெள்ளி போடக் கூடாதெண்டு நான் சொன்னனானெல்லோ அம்மா?"

"கூட்டிப் போடக் கூடாதெண்டுதானே சொன்னனீ? குறைச்சுப் போடக் கூடாதெண்டு சொன்னனியே?"

அப்பா பிளேன்ரீயை வைத்துவிட்டு முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"சிரியுங்கோ, சிரியுங்கோ," என்றார் அம்மா. "கத்தரி காய்ச்சுக் குலுங்கேக்கை நடுத் தோட்டத்துக்கை கரிப்பானை கவிட்டு வைக்கிறது ஆர்? இவனைப் பெத்த கையோடை கன்னத்திலை பொட்டு வைச்சனான். மூண்டு மாசமா இவன் வாசிக்கிறான், எல்லாம் நல்லது, எல்லாம் திறம். ஒருத்தற்றை வாயிலையும் ஒரு குறை இல்லை. அது எங்கையும் நடக்குமே? எனக்கு நெஞ்சு பக்குப் பக்கெண்டுது. அதுதான் ஒரு பொட்டு வைச்சன். ஒரு பொட்டாலை பிள்ளையின்ரை வடிவு குறையுமேடா?"

 குறை இல்லாமல் இருந்தது உண்மையல்ல. நான்தான் அப்படி வாசித்தேன். அவர் பயந்தது நான் வெட்டி ஒட்டிய உலகத்தைப் பார்த்து.

"அம்மா," என்றேன், "குறை சொல்லியும் கடிதம் வந்தது. நான் வாசிக்கேல்லை."

"எத்தினை?"

"நாலு."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அம்மாவின் முகம் விளக்கு ஏற்றினதுபோல் ஆனது.

"நாலோ? உண்மையாவோ? வாசி, வாசி. கெதியா வாசி."

வாசிக்கத் தொடங்கினேன். முதலாவது மாத்தறையிலிருந்து வந்தது, இரண்டு வெள்ளி. வடை பொடிப்பொடியாக வந்து சேர்ந்தது, கரண்டியால்தான் சாப்பிட்டோம் என்றிருந்தது.

"கரண்டியாலையோ!" அப்பா தொடையில் தட்டினார். "சம்பலுக்கை போடச் சொல்லு."

"நீங்கள் சும்மா இருங்கோ," என்றார் அம்மா. "பாவம், காசு குடுத்தவை. நீ பையை வடிவாக் கட்டேல்லை, என்ரை வடையிலை பிழையில்லை. அடுத்ததை வாசி."

இரண்டாவது, மூன்று வெள்ளி: உறைப்பு அதிகம், தண்ணீர் குடித்தே வயிறு நிறைந்தது. "தெற்காலை ஆக்களே? ஓம், அவைக்குக் கூடத்தான்," என்று ஒத்துக்கொண்டார். மூன்றாவது, நாலு வெள்ளி: ருசி நல்லது, ஆனால் என் தகப்பனாருக்குக் கடிக்கப் பல் இல்லை. இதற்கு அம்மா நெடுநேரம் யோசித்தார். "இன்னுங் கொஞ்சம் மெல்லிசாத் தட்டினா அவருக்கும் கடிபடும்," என்றார். நாலாவது, படத்தில் பெரிதாகத் தெரிந்தது, கையில் சிறிதாக இருக்கிறது என்றது. "அது உன்ரை படத்தின்ரை பிழை," என்று தீர்ப்பு வந்தது.

முடித்ததும் அம்மா விரலை மடித்து எண்ணினார். "நாலு பொட்டு ஏற்கெனவே கிடக்கு. பேந்தேன்ரா என்ரை பொட்டு? பிள்ளையின்ரை முகம் முழுக்கப் பொட்டாவெல்லோ போகும்! அவளுக்கு எடு போனை."

சின்னம்மாவை அழைத்தேன். திரையில் அவருக்குப் பக்கத்தில் மருந்துக்கடைக்காரியின் முகமும் வந்தது. அம்மா திரைக்கு மிகக் கிட்டப் போய், "அதை அழியுங்கோடி, காணும், இஞ்சை வேண்டின மட்டும் கிடக்கு," என்று கத்தினார்.

"அழிச்சா தம்பி எழுதின பதிலும் அழிஞ்சு போமே எக்கா," என்றார் மருந்துக்கடைக்காரி. "பொறுங்கோ, அதைப் படம் பிடிச்சு வைச்சிட்டு அழிக்கிறன். வேலை செய்யிற இடத்திலை எல்லாருக்கும் காட்ட வேணும்."

காட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தி படும் நேரம் ஒரு வெள்ளி மறைந்தது. மாதம் முடிந்த மறுநாள் காலை எங்கள் கடைப் பெயருக்குப் பக்கத்தில் நீல நாடா நின்றது. கட்டைவிரல் நகத்தளவுகூட இல்லை. அம்மா தொலைபேசியைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்து, "உவ்வளவுதானோ?" என்றார். அப்பா தன் தொலைபேசியோடு முற்றத்துக்குப் போனார். கொழும்புக் களஞ்சியக்காரரோடு அவர் கதைத்தது குசினிக்குள் கேட்டது: "பெடியன் வரமாட்டான் அண்ணை. ஓம். இஞ்சை வேலை கிடக்கு. ஓமோம், வடைதான். உங்களுக்கும் ஒரு பை அனுப்பிவிடுறன், ஆனா வெள்ளி கிள்ளி ஒண்டும் போட்டிடாதையுங்கோ."

அதன் பிறகு சட்டம் சற்று மாறியது. குறைக் கடிதம் இருந்தால் அதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். நல்லவை பிறகு, எண்ணெய் காயக் காய. வடை இப்போது கொஞ்சம் மெல்லிது. வடைகளை நிரையாக அடுக்கி, தடித்த அட்டையைக் குழாயாகச் சுருட்டி அதற்குள் இறக்குகிறேன். மாத்தறைக்கு ஒரு குழாய் இனாமாக அனுப்பினேன்.

தீபாவளிக்கு முதல் கிழமை மாத்தறைக்காரர் திரும்ப எழுதினார். இம்முறை ஒன்றுகூட உடையவில்லையாம், முன்பு போட்ட இரண்டு வெள்ளியை ஐந்தாக மாற்றிவிட்டாராம். நான் உற்சாகத்தில் சத்தமாக வாசித்துவிட்டேன்.

அம்மா மாப் பிசைந்த கையோடு திரும்பினார். "ஏன்ரா மாத்த விட்டனீ? அதுதானே பெரிய பொட்டு!"

"அவராத்தான் மாத்தினவர் அம்மா."

"வேண்டாமெண்டு எழுது."

"அப்பிடி எழுத ஏலாது."

"அப்ப வேறை ஒண்டும் வரேல்லையோ? வடிவாப் பார்."

பார்த்தேன். காலையில் ஒன்று வந்திருந்தது. குருநாகலிலிருந்து, மூன்று வெள்ளி. படத்தில் வடை முழுக்கக் கறிவேப்பிலை, வந்த வடையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

"சரியாத்தான் சொல்லியிருக்கு," என்றார் அம்மா. முகம் மலர்ந்துவிட்டது. குசினிக்குப் பின்னால் போய்க் கறிவேப்பிலையை ஒரு கை நிறைய முறித்துக்கொண்டு வந்து, மாச் சட்டிக்குள் உருவிப் போட்டார்.

"எண்ணெய் காய்ஞ்சிட்டுது. முதல் அதுக்குப் பதிலை எழுது. நீட்டாதை."